சின்ன ஃப்ளாஷுக்குள் லினக்ஸ்: பில்ட்ரூட், யோக்டோ, ஓப்பன்டபிள்யூஆர்டி, ஆல்பைன் – எது எப்போது?

"16 எம்பி ஃப்ளாஷ், 64 எம்பி ரேம் உள்ள ஒரு போர்டு. லினக்ஸ் ஏற்ற வேண்டும். பில்ட்ரூட்டில் போகலாமா, யோக்டோவில் போகலாமா?" எண்கள் மட்டும் மாறி, இந்தக் கேள்வி வாசகர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டும் சின்னச் சாதனத்துக்கான லினக்ஸ் இமேஜை, அதாவது ஃப்ளாஷில் எழுத வேண்டிய முழுத் தொகுப்பை, கட்டித்தரும் கருவிகள். பலர் அடுத்த வரியிலேயே "எதில் இமேஜ் சின்னதாக வரும்?" என்றும் கேட்டுவிடுகிறார்கள்.

அளவை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். கெர்னல், பிஸிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு), சி லைப்ரரி மூன்றையும் ஒரே அமைப்புகளோடு எடுத்துக்கொண்டால், பில்ட்ரூட்டில் கட்டினாலும் யோக்டோவில் கட்டினாலும் இமேஜ் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் வந்து நிற்கும். கருவிகள் வேறுபடுவது வேறு இடங்களில். ஒரு வரி மாற்றினால் மறுபடி கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று வருடம் கழித்து ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் அதை யார், எப்படி அடைப்பது? வேலையைத் தொடங்கியவர் போன பிறகு, அடுத்தவரால் அதே இமேஜைக் கட்ட முடியுமா? நான் தேர்ந்தெடுப்பது இந்தக் கேள்விகளை வைத்துத்தான்.

## முதலில் அளவுகோல்கள்

உண்மையில் கையில் இருக்கும் இடம். 16 எம்பி ஃப்ளாஷ் என்றால் 16 எம்பியும் நமக்கு இல்லை. பூட்லோடருக்கும் (கெர்னலை ஏற்றிவிடும் புரோகிராம்) அதன் அமைப்புகளுக்கும் 1 எம்பி, சாதனத்தின் சொந்தத் தரவுக்கு 1 எம்பி ஒதுக்கிவிடுங்கள். மீதி 14. அப்டேட் நடக்கும்போது மின்சாரம் போனாலும் சாதனம் பிழைத்தெழ வேண்டும் என்றால் பழைய இமேஜ் ஒன்று, புதியது ஒன்று என இரண்டு இடம் வேண்டும். ஆளுக்கு 7 எம்பி. அதில் சுருக்கப்பட்ட கெர்னல் 3 எம்பி எடுத்துக்கொண்டால், ரூட் ஃபைல்சிஸ்டத்துக்கு, அதாவது கெர்னல் போக மற்ற எல்லாக் கோப்புகளுக்கும், மிஞ்சுவது 4 எம்பி. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்ட பிறகுதான் கருவியைப் பற்றிப் பேசவே தொடங்க வேண்டும்.

மறுபடி கட்டும் நேரம். முதல் பில்டுக்கு எவ்வளவு நேரம் என்பதை விட, ஐம்பதாவது பில்டுக்கு எவ்வளவு நேரம் என்பது முக்கியம்.

அப்டேட் போகும் வழி. மொத்த இமேஜையும் மாற்றப் போகிறீர்களா, பேக்கேஜ் பேக்கேஜாக மாற்றப் போகிறீர்களா?

எத்தனை வருடம், எத்தனை போர்டு. ஒரே போர்டு, ஒரே தயாரிப்பு என்பது ஒரு கதை. மூன்று சிப், ஆளுக்கு நான்கு வகை என்பது முற்றிலும் வேறு கதை.

லைசென்ஸ் கணக்கு. லினக்ஸ் கெர்னலும் பிஸிபாக்ஸும் ஜிபிஎல் 2ஆம் பதிப்பில் வருபவை. சாதனத்தை விற்றால், அதற்குரிய சோர்ஸைக் கேட்பவருக்குக் கொடுக்கும் நிலையில் நீங்கள் இருக்க வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் கையால் தொகுக்க முயல்வது பெரிய அவஸ்தை.

## எதை எடுத்தாலும் மாறாத கணக்கு

அளவைக் குறைக்கும் வேலை நான்கு இடங்களில் நடக்கிறது: கெர்னல், சி லைப்ரரி, அடிப்படைக் கட்டளைகள், உங்கள் சொந்தப் புரோகிராம்.

அடிப்படைக் கட்டளைகளுக்கு விடை பிஸிபாக்ஸ். டெபியன் நிறுவலுக்கும் மீட்புக்கும் ஒரே ஃப்ளாப்பியில் முழு சிஸ்டத்தையும் அடக்க 1995இல் புரூஸ் பெரன்ஸ் தொடங்கியது அது. இன்று 300க்கும் மேற்பட்ட கட்டளைகள் ஒரே கோப்பில், சுமார் 1 எம்பிக்குள் அடங்கிவிடுகின்றன. சி லைப்ரரிக்கு மஸ்ல், ஜிலிப்சி என்ற இரண்டு தேர்வுகளைப் பார்ப்போம். மஸ்ல் 1 எம்பிக்கும் குறைவு. ஜிலிப்சி அதன் துணைக் கோப்புகளோடு சேர்ந்து சில எம்பி பிடிக்கும். 4 எம்பிதான் இருக்கிறது என்றால் இங்கே யோசிக்க ஒன்றுமில்லை, மஸ்ல்தான்.

2038ஆம் ஆண்டுப் பிரச்சினையையும் இந்த இடத்திலேயே பார்த்துவிட வேண்டும். 32 பிட் சிஸ்டங்களில் நேரத்தை 32 பிட்டில் வைத்திருந்தால் 2038 ஜனவரி 19ஆம் தேதி அது நிரம்பி வழியும். மஸ்ல் 2020இல் வந்த 1.2 பதிப்பிலேயே 64 பிட் நேரத்துக்கு மாறிவிட்டது. ஜிலிப்சியில் 2.34 பதிப்பிலிருந்து வசதி இருக்கிறது, ஆனால் 32 பிட் போர்டுகளில் கம்பைல் செய்யும்போது நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டும். சுவரில் மாட்டியபின் பதினைந்து வருடம் யாரும் தொடாத சாதனம் செய்பவர்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

ரேம் கணக்கில் ஒன்று. ரூட் ஃபைல்சிஸ்டத்தை இனிட்ராம்எஃப்எஸ்ஸாக வைத்தால் அது முழுவதும் எப்போதும் ரேமில் உட்கார்ந்திருக்கும். ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸாக (சுருக்கிய, படிக்க மட்டும் முடியும் ஃபைல்சிஸ்டம்) ஃப்ளாஷில் வைத்தால், தேவைப்படும் பக்கங்கள் மட்டும் விரித்து ஏற்றப்படும், நெருக்கடி வந்தால் கெர்னலே அவற்றை விட்டுவிடும். 64 எம்பி ரேமில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

## கையாலேயே கட்டுவது

கெர்னலை நாமே கம்பைல் செய்து, பிஸிபாக்ஸை ஸ்டேட்டிக்காக (வெளி லைப்ரரி தேவைப்படாதபடி) கட்டி, ஒரு ஐந்து வரி இனிட் ஸ்கிரிப்ட் எழுதி, எல்லாவற்றையும் ஒரு இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சுருட்டி கியூஎம்யூ என்ற எமுலேட்டரில் ஓட்டிப் பார்ப்பது. இந்தத் துறைக்கு வரும் எல்லோரும் ஒரு முறையாவது இதைச் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் முறை நான் எழுதிய ஸ்கிரிப்ட் இரண்டு ஃபைல்சிஸ்டங்களை மவுண்ட் செய்து, ஒரு வரி வணக்கம் சொல்லிவிட்டு முடிந்துபோனது. அடுத்த நொடி, இனிட்டையே கொல்லப் பார்த்தார்கள் என்று சொல்லி கெர்னல் பேனிக். முதல் புராசஸ் எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும், அது முடிந்தால் சிஸ்டமே முடிந்தது என்பதைப் படித்திருந்தேன். திரையில் பார்த்தபோதுதான் உறைத்தது. ஸ்கிரிப்டின் கடைசி வரியில் ஷெல்லுக்கு இடத்தை ஒப்படைத்ததும் எல்லாம் சரியானது.

மீட்பு இமேஜ், தொழிற்சாலையில் போர்டைச் சோதிக்கும் இமேஜ், வேறொரு சிஸ்டத்தை ஃப்ளாஷில் எழுதிவிட்டு ஒதுங்கும் இமேஜ் ஆகியவற்றுக்கு இன்றும் இதுவே நல்ல வழி. மறைமுகச் செலவு வெளிப்படுவது டிஎல்எஸ் (குறியாக்கத் தொடர்பு) வேண்டும், அப்புறம் வைஃபை வேண்டும் என்று ஆரம்பிக்கும்போது. ஒவ்வொரு லைப்ரரிக்கும் கிராஸ் கம்பைல் (நம் மெஷினில் வைத்து வேறு சிப்புக்குக் கம்பைல் செய்வது) வழியைக் கண்டுபிடித்து, அதை ஒரு ஸ்கிரிப்டில் எழுதி வைக்கிறோம். பத்து லைப்ரரி ஆவதற்குள், அரைகுறையான ஒரு பில்ட்ரூட்டை நாமே எழுதிக்கொண்டிருப்போம்.

## பில்ட்ரூட்

கெர்னலை ஒரு முறையாவது மெனுகான்ஃபிக் என்ற தேர்வுத் திரையில் திறந்தவருக்கு பில்ட்ரூட் புதிதாகவே தெரியாது. அதே நீலத் திரை, அதே தேர்வுகள். போர்டு, டூல்செயின் (கம்பைலரும் அதன் துணைக் கருவிகளும்), பேக்கேஜ்கள், கடைசியில் எந்த வகை இமேஜ் என்று தேர்ந்தெடுத்து மேக் கட்டளை கொடுத்தால், சிறிய சிஸ்டமாக இருந்தால் நல்ல மெஷினில் ஒரு மணி நேரத்துக்குள் இமேஜ் கையில் கிடைத்துவிடும். வருடத்துக்கு நான்கு வெளியீடு. பிப்ரவரியில் வருவதுதான் நீண்டகால ஆதரவு உள்ளது, தயாரிப்புக்கு அதையே எடுங்கள்.

பில்ட்ரூட்டின் மிகப் பெரிய பலம், உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒரு ஆள் முழுதாகப் புரிந்துகொள்ள முடிவது. பேக்கேஜ் விளக்கங்கள் எல்லாம் சாதாரண மேக்ஃபைல்கள். ஏதாவது உடைந்தால் ஒரு மதியப் பொழுதில் படித்து ஓட்டையைக் கண்டுபிடித்துவிடலாம்.

அளவைக் குறைப்பவருக்கு அதில் இருக்கும் மேக் கிராஃப்-சைஸ் ஒரு வரம். எந்தப் பேக்கேஜ் எவ்வளவு இடம் தின்கிறது என்று வட்டப்படமாகப் போட்டுக் காட்டும். ஒரு இமேஜ் திடீரென்று ஊதிப்போன காரணம் புரியாமல் இதை ஓட்டினேன். நான் நேரடியாகக் கேட்காத ஐசியூ என்ற யூனிகோட் லைப்ரரி வேறொன்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்து, தரவுக் கோப்புக்கு மட்டும் 20 எம்பிக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு சார்பை வெட்டியதும் பிரச்சினை தீர்ந்தது.

மறைமுகச் செலவுகளைச் சொல்லிவிடுகிறேன். பில்ட்ரூட்டில் ஒரு பேக்கேஜின் டிக்கை எடுத்தால், அது ஏற்கெனவே டார்கெட் அடைவில் போட்ட கோப்புகள் போகாது. ஒரு லைப்ரரியை எடுத்துவிட்டு மறுபடி கட்டி, இமேஜ் ஒரு பைட் கூடக் குறையாததைப் பார்த்து ஒரு மாலை முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். மேக் கிளீன் கொடுத்து முதலிலிருந்து கட்டுவதுதான் வழி, கையேட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. சின்ன சிஸ்டத்தில் இது பெரிய விஷயமில்லை. க்யூட்டி, குரோமியம் என்று கனமானவை உள்ளே வந்துவிட்டால் ஒவ்வொரு சுத்தமான பில்டும் மணிக்கணக்கில் போகும். சிகேஷ் (கம்பைல் முடிவுகளைச் சேமித்து வைக்கும் கருவி), வெளியே தயாராக வைத்த டூல்செயின் இரண்டும் வலியைக் கொஞ்சம் குறைக்கும்.

இன்னொன்று: இமேஜுக்குள் பேக்கேஜ் மேனேஜர் கிடையாது. அது குறை இல்லை, பில்ட்ரூட்டின் கொள்கையே அதுதான். இமேஜ் ஒரே துண்டாக வரும், ஒரே துண்டாக மாறும். களத்தில் ஆயிரம் சாதனம் இருந்தால், எல்லாவற்றிலும் ஒரே பிட்கள் ஓடுகின்றன என்ற நிம்மதி இதில்தான் கிடைக்கிறது.

உங்கள் சொந்தப் பேக்கேஜ்களையும் போர்டு அமைப்புகளையும் பில்ட்ரூட் மரத்துக்குள் போடாமல், முதல் நாளிலிருந்தே வெளி மரத்தில் வையுங்கள். பதிப்பு மாற்றும் நாளில் அதன் அருமை தெரியும். லைசென்ஸ் தொகுப்புக்கு மேக் லீகல்-இன்ஃபோ என்ற ஒரு கட்டளை போதும்.

## யோக்டோ

யோக்டோ லினக்ஸ் விநியோகம் இல்லை, நமக்கான விநியோகத்தை நாமே உண்டாக்கும் பட்டறை. 2010இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அறிவித்தது. அடித்தளமான ஓப்பன்எம்பெடட் 2003 முதலே இருக்கிறது. வேலையை நடத்துவது பிட்பேக். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு ரெசிப்பி, ரெசிப்பிகளின் தொகுப்பு ஒரு லேயர், லேயர் மேல் லேயராக அடுக்கி இமேஜ்.

இந்த அடுக்குதான் யோக்டோவின் உயிர். சிப் தயாரிப்பாளர் தரும் லேயர் கீழே, அதன் மேல் உங்கள் நிறுவனத்தின் பொது லேயர், அதன் மேல் ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒன்று. நாளைக்கு வேறு சிப்புக்கு மாறினால் கீழ் அடுக்கை மாற்றினால் போதும், மேலே பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஐந்து ஆறு போர்டுகளை ஒரே குழு பார்த்துக்கொள்ளும் இடத்தில் பில்ட்ரூட்டால் இதற்கு ஈடு கொடுக்க முடியாது.

இரண்டாவது பலம் அதன் பகிர்வுக் கேஷ். ஒவ்வொரு வேலையின் உள்ளீடுகளையும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்வதால், எது மாறியதோ அதையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டும் மறுபடி கட்டும். கேஷைக் குழுவுக்குப் பொதுவான சர்வரில் வைத்தால், புதிதாகச் சேர்ந்தவரின் முதல் பில்ட் கூட நிமிடங்களில் முடியும். நீண்டகால வெளியீடுகளுக்கு நான்கு வருட ஆதரவு: 2022 ஏப்ரலில் வந்த கர்க்ஸ்டோன், 2024 ஏப்ரலில் வந்த ஸ்கார்த்கேப் இரண்டும் அந்த வகை. இமேஜுக்குள் என்னென்ன இருக்கிறது என்ற எஸ்பிடிஎக்ஸ் பட்டியலையும், தெரிந்த பாதுகாப்பு ஓட்டைகளின் அறிக்கையையும் அதுவே தரும்.

செலவு? முதலில் வட்டு இடம். அதிகாரபூர்வ வழிகாட்டியே 90 ஜிபி, அதற்கும் மேல் காலி இடம் கேட்கிறது. கேஷ் இல்லாத முதல் பில்ட் சாதாரண மடிக்கணினியில் பல மணி நேரம். ஆனால் உண்மையான செலவு மண்டைக்குள். ஒரு மாறியின் மதிப்பு எந்த லேயரில், எந்தக் கோப்பில், எந்த வரிசையில் மாற்றப்பட்டது என்று துப்புத் துலக்கப் பழக வேண்டும். இரண்டு வாரத்தில் இமேஜ் எடுத்துவிடலாம். தைரியமாகக் கை வைக்க மாதங்கள் ஆகும்.

பலர் எதிர்பாராத செலவு, சிப் தயாரிப்பாளரின் லேயர். நான் வேலை பார்த்த ஒரு போர்டுக்கு வந்த லேயர் பழைய யோக்டோ பதிப்போடு நின்றுபோயிருந்தது. 2021 அக்டோபரில் வந்த 3.4 பதிப்பில், மாறிகளோடு சேர்க்கும் குறியீட்டில் அடிக்கோடு இருந்த இடத்துக்கு முக்காற்புள்ளி வந்தது. பழைய லேயரில் அந்த மாற்றம் எதுவும் இல்லை. மாற்றித்தர ஸ்கிரிப்ட் இருக்கிறது, அது பெரும்பகுதியை முடித்தும் தரும். மிஞ்சியதைத் தேடித் தேடிச் சரிசெய்ய எங்களுக்கு வாரங்கள் ஆயின. போர்டு வாங்கும் முன்பே, அதன் லேயர் எந்த வெளியீட்டில் இருக்கிறது, கடைசியாக எப்போது மாற்றம் நடந்தது என்று பார்த்துவிடுங்கள்.

சின்ன அளவுக்கு யோக்டோ ஒத்துவராது என்ற பேச்சை நம்ப வேண்டாம். போக்கி-டைனி என்ற அமைப்பே அதற்காக இருக்கிறது. வழக்கமான அமைப்பில் கட்டிவிட்டு "பெரிதாக இருக்கிறது" என்பவர்கள்தான் அதிகம்.

## ஓப்பன்டபிள்யூஆர்டி

2004இல், லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரைச் சுற்றித் தொடங்கிய திட்டம். பெயரிலேயே அந்த ரவுட்டர் இருக்கிறது. பில்ட் அமைப்பு பில்ட்ரூட்டிலிருந்து கிளைத்தது, ஆனால் பேக்கேஜ்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறது.

சாதனத்தின் வேலை நெட்வொர்க் என்றால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். ஃபயர்வால், வைஃபை, இணையப் பக்க அமைப்பு, தவறினால் மீட்கும் முறை எல்லாம் வருடக்கணக்கில் பதப்பட்டவை. போர்டுக்கு ஆதரவு ஏற்கெனவே இருந்தால், இமேஜ் பில்டரை வைத்து எதையும் கம்பைல் செய்யாமலேயே வேண்டிய பேக்கேஜ்களைச் சேர்த்து நிமிடங்களில் இமேஜ் எடுக்கலாம்.

கீழே சுருக்கப்பட்ட ஸ்குவாஷ்எஃப்எஸ், அதன் மேல் எழுதக்கூடிய அடுக்கு. அழகான ஏற்பாடு, ஆனால் ஒரு பொறி இருக்கிறது. கீழடுக்கில் உள்ள பேக்கேஜை ஓடும் சாதனத்திலேயே புதுப்பித்தால் புதியது மேலடுக்கில் எழுதப்படும், பழையது கீழேயே கிடக்கும். ஒரே பொருளுக்கு இரண்டு மடங்கு இடம். 8 எம்பி ஃப்ளாஷில் இப்படி நாலு பேக்கேஜ் புதுப்பித்தால் நிரம்பிவிடும். புதுப்பிப்பதானால் முழு இமேஜாகவே செய்யுங்கள். 4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி ரேம் உள்ள சாதனங்களைத் திட்டமே கைவிட்டுவிட்டது. 8க்கு 64 என்பதும் நெருக்கடியான எல்லைதான்.

நெட்வொர்க் சாதனம் இல்லையென்றால், அதன் தனி அமைப்பு முறைகளைக் கற்கும் உழைப்புக்குப் பலன் குறைவு. யோக்டோ போல நான்கு வருட ஆதரவும் இல்லை.

## ஆல்பைன், அப்புறம் டெபியன்

சில நூறு எம்பி சேமிப்பும் 256 எம்பி ரேமும் இருந்தால் நாமே எல்லாவற்றையும் கம்பைல் செய்யத் தேவையில்லை. ஆல்பைன் மஸ்ல், பிஸிபாக்ஸ் மேல் கட்டப்பட்ட தயார் விநியோகம். டிஸ்க் இல்லா முறையில் ஓட்டினால் சிஸ்டம் ரேமில் இருக்கும், எல்பியூ கமிட் கொடுத்தால் மட்டும் மாற்றம் அட்டையில் எழுதப்படும். மின்சாரம் அடிக்கடி போகும் இடத்தில் எஸ்டி அட்டையைக் காப்பாற்ற இது அருமையான வழி.

ஆனால் கன்டெய்னர் இமேஜின் சில எம்பியைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதில் கெர்னல் கிடையாது. பொதுக் கெர்னலின் மாட்யூல்களும் ஃபர்ம்வேரும் சேர்ந்தால் நூறு எம்பியைச் சுலபமாகத் தாண்டும். ஜிலிப்சிக்குக் கட்டிய பைனரி அப்படியே ஓடாது. மஸ்லில் ஒரு திரெட்டின் இயல்பு ஸ்டாக் 128 கேபி, ஜிலிப்சியில் வழக்கமாக 8 எம்பி. அங்கே ஓடிய புரோகிராம் இங்கே காரணம் சொல்லாமல் விழுந்தால் முதலில் இதைப் பாருங்கள். பேக்கேஜின் பழைய பதிப்புகள் ரெப்பாசிட்டரியிலிருந்து நீக்கப்படுவதால், அதே இமேஜை ஒரு வருடம் கழித்துக் கட்ட வேண்டுமென்றால் சொந்தப் பிரதி வைத்தே ஆக வேண்டும்.

4 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு இருக்கிறதா? வெட்டிச் சுருக்கிய டெபியன் போதும். சில நூறு எம்பி பிடிக்கும், எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) சேர்த்து ஐந்து வருடம் பாதுகாப்புத் திருத்தம் வரும்.

## ஒரே பார்வையில்

| | பில்ட்ரூட் | யோக்டோ | ஓப்பன்டபிள்யூஆர்டி | ஆல்பைன் |
|---|---|---|---|---|
| பொருந்தும் ஃப்ளாஷ் | சில எம்பி முதல் | சில எம்பி முதல் | 16 எம்பி நல்லது | சில நூறு எம்பி |
| முதல் பில்ட் | ஒரு மணிக்குள் | பல மணி | நிமிடங்கள், போர்டுக்கு ஆதரவு இருந்தால் | கம்பைல் தேவையில்லை |
| சிறு மாற்றத்துக்குப் பின் | சில சமயம் முதலிலிருந்து | மாறியது மட்டும் | நிமிடங்கள் | உடனே |
| கற்கும் காலம் | நாட்கள் | மாதங்கள் | நாட்கள் | மணிகள் |
| அப்டேட் | முழு இமேஜ் | இரண்டும் முடியும் | முழு இமேஜே நல்லது | பேக்கேஜ் |
| பல போர்டுகள் | சிரமம் | இதற்கென்றே செய்தது | ஆதரவு உள்ளவை மட்டும் | ஓரளவு |

## அந்த 16 எம்பி போர்டுக்கு

ஒரே போர்டு, குழுவில் இரண்டு மூன்று பேர் என்றால் என் பதில் பில்ட்ரூட். மஸ்ல், பிஸிபாக்ஸ், தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச்சுக்கு டிராப்பியர், எக்ஸ்இசட்டில் சுருக்கிய ஸ்குவாஷ்எஃப்எஸ். லாக் எல்லாம் ரேமில், ஃப்ளாஷில் எழுதவே கூடாது. ஏழு ஏழு எம்பியாக இரண்டு இடம், புதியது எழாவிட்டால் பழையதுக்குத் திரும்ப யு-பூட் பூட்லோடரின் பூட் எண்ணிக்கை வசதி.

அதே போர்டு ரவுட்டராகவோ கேட்வேயாகவோ வேலை செய்யப் போகிறது, ஓப்பன்டபிள்யூஆர்டியில் அதற்கு ஆதரவும் இருக்கிறது என்றால், பில்ட்ரூட்டில் நேரம் செலவிட வேண்டாம். அடுத்த வருடம் இன்னும் மூன்று போர்டுகள் வரப்போவது உறுதி, பில்ட் சர்வரும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் கிடைப்பார்கள் என்றால் இப்போதே யோக்டோ. பாதியில் மாறுவது, முதலிலேயே கற்பதை விட அதிக உழைப்பு.

பில்ட்ரூட் எடுப்பவர்கள் வெளியீட்டு நாளில் மேக் சோர்ஸ் கொடுத்து எல்லா சோர்ஸ் தொகுப்புகளையும் இறக்கி, சேமித்த டெஃப்கான்ஃபிக்கோடும் (உங்கள் தேர்வுகளின் கோப்பு) லீகல்-இன்ஃபோ அடைவோடும் ஒன்றாகக் கட்டிப் பத்திரமான இடத்தில் வையுங்கள். அப்புறம் இணையத் தொடர்பே இல்லாத ஒரு மெஷினில் அதை வைத்து மட்டும் இமேஜைக் கட்டிப் பாருங்கள். எது விடுபட்டிருக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும்.